மஞ்சள் கோடு நகர்ந்த இரவு

என் அண்ணன் யாரையும் நம்பமாட்டான். அவன் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் முதலில் இதுதான் வருகிறது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அப்புறம் முகர்ந்தும் பார்ப்பான். நான் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியபோது மதிப்பெண் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் அவன்.

வேலை அப்படி. லிஃப்ட் பராமரிக்கும் மெக்கானிக். “நம்பி ஏறுறவங்க ஆயிரம் பேரு. நம்பாம ஏறுறவன் ஒருத்தனாவது வேணும்ல?” என்பான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து கீழே உள்ள இரும்புவரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பான். போல்ட் துளி அசைந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதே பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்தான். முப்பது வருடப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு கதவு. டர்போவை மாற்றி, உயரத்தைத் தாழ்த்தி, பின்னிருக்கையைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தான். மாதத்தின் கடைசி சனிக்கிழமை இரவு, சூப்பர் மார்க்கெட் மூடியபின் அதன் வாகன நிறுத்தத்தில் இப்படி உருமாற்றிய கார்கள் பத்தொன்பது கூடும். அங்கிருந்து வரிசையாக அணைக்கட்டு வரை போய்த் திரும்புவார்கள். பந்தயம் கிடையாது. முதல் கார் வைப்பதுதான் வேகம், யாரும் முந்தக்கூடாது. காருக்கு ஒரு வாக்கிடாக்கி. எங்கள் காரில் அது என் மடியில் இருக்கும்.

ஆறு வருடமாக முதல் கார், டயர் கடைக்காரருடையது. எல்லாருக்கும் அவர் ‘டயர்’, எனக்கு டயர் அண்ணன். அண்ணனுக்குப் பள்ளிக்கூட நண்பர். ஒரு மாதம், குழுவை நடத்தும் வங்கி அதிகாரி ஒரு மாறுதலுக்கு அண்ணனை முன்னால் போகச் சொன்னார்.

“போடா லிஃப்ட்டு, நீ முன்னாடி போனா ஒவ்வொரு மாடியிலயும் நிப்ப” என்று டயர் அண்ணன் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்: “அந்தச் சிரிப்பப் பாத்தியா?”

அந்த வாரம் வியாழக்கிழமை டயர் கடையில் வைத்துப் புதுச் சக்கரங்களை மாட்டினான். வேறு யாரையும் தொடவிடவில்லை. கடைசிச் சக்கரம் மாட்டும்போது மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டதாக போன். காரை அங்கேயே விட்டு ஓடினான். மறுநாள் மாலை போய் எடுத்துவந்தான்.

சனிக்கிழமை இரவு, புறப்படும் நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தவன் முன்பக்க இடது சக்கரத்தருகே குத்தவைத்தபடி அசையாமல் இருந்தான். ஐந்து வீல் நட்டுகளிலும் மஞ்சள் கோடு உடைந்திருந்தது.

“யாரோ கை வச்சிருக்கான்.”

டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொன்றாக அழுத்தினான். ஐந்தும் ‘டக்’ என்றன. நட்டு சரியான இறுக்கத்தில் இருந்தால் வரும் சத்தம் அது.

“டைட்டாத்தானே இருக்கு?” என்றேன்.

“கழட்டிட்டு, அப்புறம் பயந்துபோய் முறுக்கியிருக்கான்.”

யார் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கார் ஓரிரவு முழுவதும் யார் கடையில் நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புறப்பட்டோம். கண்ணாடியில் டயர் அண்ணனின் வட்ட விளக்குகள் விடாமல் தொடர்ந்தன. அண்ணன் நாற்பதைத் தாண்டவில்லை.

“லிஃப்ட்டு, என்னடா, பால் வண்டியா ஓட்டுற?” என்றது வாக்கிடாக்கி.

“அணைச்சு வை அத” என்றான் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, “எதுக்கு இவ்வளவு ஒட்டிட்டு வர்றான்? சக்கரம் கழண்டு ஓடுறத முதல் ஆளா பாக்கணும்னா?”

சந்தேகம் தொற்றிக்கொள்ளும். நானும் சன்னலை இறக்கிக் காது கொடுத்தேன். கல் தெறித்தாலும் நட்டு விழுந்ததாகக் கேட்டது.

பாதி வழியில் பெட்ரோல் பங்கில் எல்லாரும் நிற்பது வழக்கம். அண்ணன் இறங்கி நேராக டயர் அண்ணனிடம் போனான்.

“என் வீல்ல ஏன்டா கை வச்ச?”

“ஓ, அதுவா! அன்னைக்கு ராத்திரி கடை மூடப் போறேன், உன் கார் ஜாக்கியிலயே தொங்குது. தொட்டுப் பாத்தா அந்த அஞ்சு நட்டும் சும்மா கையால திருகுன மாதிரி இருக்கு. இறக்கி முறுக்கி விட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னா உன் மானம் போகுமேன்னு விட்டேன்.”

“கோடு போட்டிருந்தேன்டா. முறுக்காமலா கோடு போடுவேன்?”

பங்கின் வெள்ளை வெளிச்சத்தில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதலிடம் பறிபோன கடுப்பு என்று யாரோ முணுமுணுத்தார்கள். “அவர் கோடு போட்டா போட்டதுதான். நம்ம எல்லாருக்கும் தெரியும்” என்றார் வங்கி அதிகாரி.

டயர் அண்ணன் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீயுமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தன் வாக்கிடாக்கியை வங்கி அதிகாரியின் கார் பானெட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் வீட்டில் நிம்மதியில்லை. கார் நிற்கும் இடத்தில் கேமரா வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டே முந்தைய இரவின் பதிவைப் பார்ப்பான். “சாவிய வலது பக்கம்தானே வச்சேன்?” என்று என்னையே கேட்பான்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து மதியமே வீடு திரும்பினான். கைகூடக் கழுவவில்லை.

“ஒரு போல்ட்ல என் கோடு அப்படியே இருக்கு. விரலால திருப்புறேன், திரும்புது.”

எனக்குப் புரியவில்லை.

“போன் வந்தா அவசரத்துல முறுக்குறதுக்கு முன்னாடியே கோடு போட்டுடறேன். திரும்பி வந்து பாத்தா கோடு இருக்கு. முடிச்சாச்சுன்னு போயிடறேன்.”

“எத்தனை தடவ இப்படி?”

“அதான் தெரியல.”

ஒன்பது நாள், தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டை நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிப் பார்த்தான். பத்தாவது நாள் கடைசி சனிக்கிழமை. டயர் அண்ணன் போனதிலிருந்து எங்கள் கார்தான் முதல் கார். பாதி வழியில் அண்ணன் வாக்கிடாக்கியை என் மடியிலிருந்து எடுத்தான்.

“எல்லாரும் கேளுங்க. டயர் சொன்னதுதான் நிஜம். அந்த நட்ட நான் முறுக்கவே இல்ல. அவன் பாக்கலைன்னா நானும் தங்கச்சியும் அன்னைக்கே போய்ச் சேந்திருப்போம்.”

கரகரப்புக்கிடையே ஒரு குரல்: “சரிண்ணே, பழைய கதை, விடுங்க. கொஞ்சம் வேகமா போங்க.”

அடுத்த திருப்பத்தில் அண்ணன் வரிசையை விட்டு விலகி, வண்டியைத் திருப்பினான். டயர் அண்ணன் வீட்டு வாசலில்தான் நிறுத்தினான். அவர் பனியனோடு வந்து, அண்ணன் சொன்னதை எல்லாம் கதவில் சாய்ந்தபடி கேட்டார்.

“நீ சந்தேகப்பட்டது பரவாயில்லடா. உன் நிழலையே சோதிக்கிறவன் நீ. மத்த பதினேழு பேரு? ஒருத்தன் குனிஞ்சு அந்தச் சக்கரத்தப் பாத்தானா?”

நானும் பார்க்கவில்லை.

“அந்தக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். நாம போவோம். பெட்ரோல் இருக்கா?”

“இருக்கு.”

“பாத்தியா, இல்ல நம்புறியா?”

அண்ணன் ஓடிப்போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தான். ஏழு மாதத்தில் அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான்கு கடைசி சனிக்கிழமைகள், இரண்டே கார்கள். முன்னால் டயர் அண்ணன். ஐந்தாவது சனிக்கிழமைக்கு முன் அண்ணனின் இதயம் நின்றுவிட்டது.

இன்று மாலை வங்கி அதிகாரி வந்திருந்தார். நினைவு ஊர்வலம் ஒன்று போகப் போகிறார்களாம். அண்ணனின் கார் முன்னால் போக வேண்டும், சாவி வேண்டும் என்றார்.

“டயர் அண்ணன் வர்றாரா?” என்று கேட்டேன்.

“அவரு எதுக்கும்மா?” குரலைத் தாழ்த்தினார். “உங்கண்ணன் பெருந்தன்மையா பழிய தன் மேல போட்டுக்கிட்டாரு. எங்களுக்குத் தெரியாதா?”

“எங்கண்ணன் அவ்வளவு பெருந்தன்மைக்காரன் இல்லீங்க. தப்பு தன்னோடதுன்னு ஒன்பது நாள் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னான்.”

அவர் சாவிக்காக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் கொடுக்கவில்லை.