இத்தோ எழுதிய பிறந்த தேதி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ரபாத்தில் எங்கள் பல்கலைக்கழகம் முழுக்கத் தெரியும். இருபத்தாறு வருஷமாக வெளிநாட்டு உதவித்தொகைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன், வராமல் என்ன செய்யும்? கடைசி நாள் சாயங்காலம் ஓடிவந்து, "பஹீஜா அக்கா, ஒரே ஒரு முத்திரை" என்று பல்லை இளிப்பார்கள். இத்தோ அப்படி ஒருநாளும் வந்ததில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு தடவைதான்.

இத்தோ மிதெல்த் பக்கத்து மலைக்காரி. சர்வதேச உறவுகள் துறையில் தற்காலிக ஆசிரியை. ஆடு மேய்க்கிறவர்கள் எல்லை தாண்டிப் போவதற்கு நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பழைய ஒப்பந்தங்கள்தான் அவள் ஆராய்ச்சி.

"ஆட்டுக்கு எதுக்குடி ஒப்பந்தம், அதுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று சீண்டுவேன்.

"படிக்கத் தெரிஞ்சவங்கதானே அக்கா வேலி போடறாங்க" என்பாள். அதற்குமேல் வாயைப் பிடுங்கினாலும் வராது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரே குஸ்குஸ் சாப்பிட வீட்டுக்குப் போய்விடும். அவள் மட்டும் ரொட்டியும் மத்தி மீன் டப்பாவுமாக நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு தடவை வீட்டுக்கு இழுத்துப் போனேன். மூன்றாம் தடவை வரமாட்டேன் என்றாள். "நீங்க எல்லாரும் ஒரே தட்டைச் சுத்தி உக்காந்து சிரிக்கிறீங்க. திரும்பிப் போறப்ப என் ரூம் இன்னும் பெருசாயிடுது, அக்கா."

போன வருஷம் ஜெனீவாவிலிருந்து ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. இரண்டு வருஷம் ஆராய்ச்சிப் பயிற்சி, கை நிறைய உதவித்தொகை, அவளுடைய ஒப்பந்தங்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும் ஆவணக் காப்பகத்தில் ஒரு மேஜை. வட ஆப்பிரிக்கா முழுக்க நாலே பேர். வயது முப்பத்தைந்து நிறைந்திருக்கக் கூடாது. அறிவிப்பைப் பலகையில்கூட ஒட்டாமல் நேராக அவள் கையில் கொடுத்தேன். கோடையோடு அவளுக்கு இங்கே வேலை முடிகிறது, அதற்குமேல் ஊரில் ஆட்டைத்தான் எண்ண வேண்டும். நாலு பேரில் ஒருத்தியாக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதத்தைக் காட்ட வந்தவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பத்து நாள் கழித்து பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். விண்ணப்பத்தில் முப்பத்து நாலு வயது, பாஸ்போர்ட்டில் முப்பத்தாறு.

"அடிப்பாவி! பொய்யா எழுதினே? என் முத்திரை இருக்குடி இதுல!"

"பிறந்த தேதி கேட்டாங்க. நான் பிறந்த தேதியை எழுதினேன்."

"அப்ப பாஸ்போர்ட்டுல இருக்கிறது யார் தேதி?"

"எங்க அக்காவோடது."

முதல் பெண் இத்தோ. ஒன்றரை வயதில் அம்மை கண்டு செத்துப்போனாள். பனிக்காலம், பாதை மூடிக் கிடந்தது. சாவைப் பதிய யாரும் மலை இறங்கவில்லை. அடுத்த வருஷம் இவள் பிறந்தாள். எழுதிய பெயர் ஒன்று இருக்கும்போது இன்னொன்றுக்கு எதற்கு அலைவது என்று அக்காவின் சான்றிதழை இவளுக்கு மாட்டிவிட்டார்கள். மலையில் இது பெரிய விஷயமே இல்லை, பெரியவள் சட்டையைச் சின்னவளுக்குப் போடுவது மாதிரிதான்.

"அம்மா என்னை தூதான்னு கூப்பிடுவாங்க. வேற யாருக்கும் தெரியாது" என்றாள். பதினோரு வருஷமாக ரபாத்தில் இருக்கிறாள், ஒரு ஆள் அவளை அவள் பெயரால் கூப்பிட்டதில்லை. என் கோபம் எங்கே போயிற்றோ.

பாஸ்போர்ட் தேதியில் ஒரு தவறு என்று மட்டும் ஜெனீவாக்காரர்களுக்கு எழுதினேன். திருத்திய சான்றிதழ் வரட்டும், ஆறு வாரம் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள். வக்கீலைப் பார்த்தோம். பெரியவள் செத்ததையும் சின்னவள் பிறந்ததையும் ஊரார் பன்னிரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அதை நோட்டரி எழுதித் தந்தால் நீதிமன்றம், பிறப்பு இறப்பு பதிகிற குடும்பப் புத்தகத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு இவளைப் புதிதாக எழுதும். "சுலபமான கேஸ்" என்றார் வக்கீல்.

நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு மலை ஏறினேன். தாய்மாமன் அஸ்ஸு தன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி வைத்திருந்தார். அம்மா எங்களுக்கு ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள், விஷயத்தைக் கேட்டாள், எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

"ஏதாவது சொல்லுங்கம்மா" என்றாள் இத்தோ.

"சொல்ல என்ன இருக்கு? அவளைப் புதைச்ச இடத்துல ரோடு போட்டுட்டாங்க. லாரி போகுது மேல. அவ சட்டையை நீ போட்டுக் கிழிச்சே. அந்தப் புத்தகத்துல மட்டும்தான் அவ இருக்கா."

"நான் எதுலம்மா இருக்கேன்?"

"நீ இதோ இருக்கியே! என் எதிர்ல உக்காந்து ரொட்டி திங்கறியே! உன்னை யார் வந்து கேட்டாலும் கையைப் பிடிச்சுக் காட்டுவேன். அவளை எங்கே காட்டுவேன்?"

அஸ்ஸு தலையிட வந்தார். "விடுங்க, உங்க அக்கா சாட்சிக்கு வர வேண்டாம், பன்னிரண்டு பேர் போதும்" என்று அவர் காதில் சொன்னது நான்தான். எனக்கு அந்தக் கிழவி மேல் அவ்வளவு ஆத்திரம்! செத்த பிள்ளைக்காக உயிரோடு இருப்பவளைப் பலி கொடுக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கிளம்பும்போது அம்மாவே குடும்பப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "எடுத்துட்டுப் போ. அடிச்சு எழுதினப்புறம் என்கிட்ட கொண்டுவராதே" என்றாள். இத்தோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு டாக்ஸியில் நெருக்கியடித்து மிதெல்த் போனோம்.

நோட்டரி நிதானமான மனுஷன். பன்னிரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டு வாசகத்தைப் படித்தார். "கீழ்க்கண்ட நாங்கள், இத்தோ என்ற பெண் இறந்துவிட்டாள் என்று சாட்சி சொல்கிறோம்." முதல் ஆளாக அஸ்ஸு பேனாவை வாங்கினார்.

"வேண்டாம், மாமா" என்றாள் இத்தோ.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குப் பைத்தியமா? ஆறு வாரத்துல நாலு போயாச்சு!"

"அம்மாவால எனக்கு எதுவும் கொடுக்க முடியலை. அவங்க கையால தந்தது இந்தப் புத்தகத்துல இருக்கிற பேர் ஒண்ணுதான். அதை அவங்க இருக்கும்போதே சாகடிச்சுட்டு நான் ஜெனீவால என்ன எழுதப் போறேன்?"

சாட்சிகள் டீ குடித்துவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். அவள் திரும்ப மலை ஏறிப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எங்கே இருக்கா, காட்டு" என்றாள். இத்தோ அம்மாவின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள். அம்மா வெகு நேரம் விரலை எடுக்கவே இல்லை. மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நான் காத்திருந்தேன், பார்க்கவில்லை.

ரபாத் வந்ததும் ஜெனீவாவுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுது, மனசிரங்கினாலும் இரங்குவார்கள் என்றேன். காகிதம் இல்லாமல் யாரும் இரங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உண்மையை எழுதினால் அந்தப் பாஸ்போர்ட் என்ன ஆகும் என்ற பயம் வேறு. என் மேஜையில் உட்கார்ந்து அவளே தட்டினாள்.

"மதிப்பிற்குரியவர்களுக்கு, என் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தவறாக எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருப்பதே சரியான தேதி. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

விண்ணப்பதாரர் சொல்வது உண்மை என்று கீழே நான் உறுதி கூற வேண்டும், அதுதான் விதி. இந்தக் கையால்தான் முத்திரை குத்தினேன்.

"பிழை எதுவும் இல்லையே அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அனுப்பிவிட்டு எழுந்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு வகுப்பு இருந்தது.