மேடையில் வைத்த ஒப்பாரி

பல்கலைக்கழகத்தில் விசேஷம், யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது என்று சித்தப்பா சொன்னதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அழைக்காமல் போகலாம், கையை வீசிக்கொண்டு போகலாம் என்றால் அது சாவு வீடாகத்தான் இருக்கவேண்டும். கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "சும்மா எவன்டா மேடையேறிப் பேசுவான்?" என்று அப்பா கேட்டார். படித்தவர்கள் பேசுவார்கள், பொதுமக்கள் வந்து கேட்கலாம், பாட்டும் கூத்தும்கூட உண்டு என்றார் சித்தப்பா. சும்மா பேசுகிறவர்கள் எங்கள் கள்ளுக்கடையிலும் இருந்தார்கள். அதைக் கேட்க யாரும் பஸ் ஏறிப் போனதில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகத்தில் கால் வைத்த முதல் ஆள். அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த முறை பேராசிரியர் ஒருவர் தோட்டத்துப் பாட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறாராம். நடுநடுவே பாடிக் காட்ட ஆள் வேண்டுமாம். சித்தப்பா தன் அக்காவின் பேரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். எனக்கு அத்தை. எங்களோடுதான் இருந்தாள்.

அத்தைக்குக் குரல் உண்டு. தாலாட்டு, நலங்கு எல்லாம் பாடுவாள். எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி அவளுடையதுதான். ஆனால் சொந்த விஷயத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடையாது என்று ஆன காலத்தில் அத்தையின் புருஷன், எங்கள் மாமா, கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பிப் போனார். நான் பிறப்பதற்கு முந்திய கதை. இடம் பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்றாராம். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஆள் செத்துப்போனார் என்று தோட்டத்தில் ஒரு கட்சி; வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று இன்னொரு கட்சி. அத்தை எதிலும் சேராமல், நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்வந்தாள். யாராவது வாயைக் கிளறினால், "சேதி வரட்டும், அப்ப அழுவுறேன். நீ ஒன் வேலையப் பாரு" என்பாள்.

அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் நின்றுகொண்டாள். துணைக்கு நான் போனேன். அத்தை பச்சைச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சுங்கை பூலோ தாண்டும்வரை தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கோலாலம்பூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தோம். மண்டபத்துக்குள் ஏசி அடித்துத் தள்ளியது. நாற்காலிகள் நிறைய ஆட்கள். ஒருவர்கூட எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

பேராசிரியர் நல்ல மனிதர். அத்தையை எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு அவர் பேசியது தமிழ்தான் என்று சத்தியம் செய்வேன், ஆனாலும் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அத்தை தாலாட்டுப் பாடினாள், கைதட்டினார்கள். நலங்குப் பாட்டு, மறுபடியும் கைதட்டு. அடுத்து அவர், "அம்மா, இப்ப ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்க" என்றார்.

அத்தை நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்துவிட்டாள். "ஐயோ, யாருங்கையா தவறிட்டாங்க?"

மண்டபமே சிரித்தது. "யாரும் இல்லம்மா. சும்மா ஒரு மாதிரிக்கு."

"ஆளில்லாம எப்படிங்க அழுவுறது? வேணாங்கையா. வேற பாட்டு பாடுறேன்."

சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி வைப்பது, சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற காரியம். எங்கள் வீட்டில் விளையாட்டுக்கு இழுத்துப் பாடினாலே முதுகில் ஒன்று விழும். படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா ஓரமாக ஓடிவந்தார். ஏசியிலும் அவருக்கு வேர்த்திருந்தது. "அக்கா, எம் மானத்த வாங்காதக்கா. ஒரே ஒரு பாட்டு லா."

அத்தை தம்பியைப் பார்த்தாள். பேராசிரியரைப் பார்த்தாள். எதிரே காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்தாள். அப்புறம் தலையிலிருந்த பூவை எடுத்து நாற்காலியில் வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். தரையில் உட்கார்ந்து, "வாடி, வந்து தோளப் புடி. ஒத்தையா ஒக்காந்து அழக்கூடாது" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் மேடையேறி அவளைக் கட்டிக்கொண்டேன்.

"கப்பல் பாத்த கண்ணு ரெண்டும்
காஞ்சு போச்சே எஞ்சாமி
கடுதாசி போட்ட கைய
கரையான் தின்னுச்சோ எஞ்சாமி..."

நான் எத்தனையோ சாவு வீடுகளில் அவள் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறேன். ஊர்ச் சாவுக்கு அழும்போது அவள் நடுவில் நிறுத்தி, எனக்கு மூக்குத் துடைத்துவிட்டுத் தொடர்வாள். அன்றைக்கு அப்படி இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கி என் உடம்பும் சேர்ந்து ஆடியது. ஒரு மாணவர் கேசட் ரெக்கார்டரை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை; யாருக்காக அழுவதென்று தெரிந்தால்தானே?

முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒப்பாரிக்குக் கைதட்டி நான் பார்த்தது அது ஒருமுறைதான். அத்தை மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வெளியே எல்லாருக்கும் தேநீரும் கறிபாப் பலகாரமும். அதுவும் இலவசம்! நான் ஆசை தீரத் தின்றேன். அத்தை தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. "ஒரு வாய் குடியேன்க்கா" என்று சித்தப்பா கெஞ்சினார். "குளிக்காம எப்படிடா?" என்றாள். பேராசிரியர் நன்றி சொல்ல வந்துகொண்டிருந்தார். அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள்.

லயத்துக்கு வந்ததும் வாசல் ஏறாமல் பொதுக் குழாயடிக்குப் போய், கட்டிய சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். "நீயும் கூட ஒக்காந்தல்ல, வா" என்று என் தலையிலும் ஊற்றினாள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னாச்சுக்கா? யாருக்கு என்ன?"

"ஒங்கண்ணன் போயிட்டாரு." மாமாவை அம்மா அண்ணன் என்றுதான் சொல்வாள்.

"சேதி வந்துச்சா?"

"சேதி என்ன சேதி. நான் அழுதுட்டேன். இனிமே அவரு இருந்தாத்தான் என்ன? அழுதது அழுததுதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா ஓடிவந்தார், ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் தலையை நீட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். மாமா எங்கே செத்தார், அதை அத்தையிடம் யார் சொன்னது என்று நான் அம்மாவைக் கேட்டேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஈரப் பாவாடையோடு படியில் உட்கார்ந்து அந்த மண்டபத்தை வாசலிலிருந்து மேடைவரை மனதுக்குள் ஒருமுறை தேடிப் பார்த்தேன். அங்கே செத்தவர் யாரும் இல்லை. எல்லாரும் உயிரோடு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.