பெரியம்மாவுக்கு ஒரு பிடி கல்லறை மண்

பெரியம்மாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என் மனசு இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அப்போது நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். அப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு குடியிருந்தார்கள். அந்த அண்ணனின் மனைவிதான் பெரியம்மா. அவளிடம் ஒரு தகர டப்பா இருந்தது. கல்யாணமான புதிதில் மயிலாப்பூருக்குப் போய், தோமையார் கல்லறையிலிருந்து அவள் வாங்கி வந்த மண் அதற்குள் இருந்தது. அப்போஸ்தலரின் எலும்பெல்லாம் எப்போதோ கடல் தாண்டிப் போய்விட்டது என்பார்கள். மிச்சம் அந்த மண்தான். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். யார் செத்தாலும், பெட்டியை மூடும் முன் நெஞ்சின் மேல் ஒரு சிட்டிகை தூவுவாள். அது விழாமல் பெட்டியை மூடினால் எங்கள் ஜனத்துக்கு மனசு ஆறாது. டப்பாவை அவள் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. மூடிக்குள் இரண்டு விரலை விட்டு எடுப்பாள், அவ்வளவுதான். அவளுக்கு இருந்த மிடுக்கு பிஷப்புக்குக்கூட இருந்திருக்காது.

அம்மா இந்துக் குடும்பத்துப் பெண். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். பெரியம்மா வீட்டுப் பீடத்துணியைச் சனிக்கிழமைதோறும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்தது அம்மாதான். டைபாய்டு வந்து அம்மா போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா பெரியம்மாவிடம் போய் மண் கேட்டார். அவள் டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கூடியிருந்த எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"இது பரம்பரையா வேதத்துல இருக்கிறவங்களுக்கு. நேத்து தண்ணி ஊத்திக்கிட்டவளுக்கு இன்னாத்துக்கு? சும்னே நிக்காத, போ."

அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வெறும் நெஞ்சோடு அம்மாவை மூடினார்கள். உனக்கும் ஒரு பெட்டி வருமடி என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

வருஷங்கள் போயின. எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. பெரியப்பா காலமானபோது பெரியம்மா டப்பாவில் மீதமிருந்ததை ஒட்டச் சுரண்டி அவர் நெஞ்சில் கொட்டிவிட்டாள். அது காலி என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. அப்புறம் அவளுக்கே மூச்சிரைப்பு முற்றியது. அந்தச் சமயத்தில் டிரெயினிங்குக்காக என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு டப்பாவைக் கையில் திணித்தாள்.

"தோமையார் கல்லறை மண்ணு ஒரு பிடி கொண்டாந்து குடுடி. என் பெட்டிக்கு வேணும். யார்கிட்டயும் சொல்லிடாத."

"சரி பெரிம்மா" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மயிலாப்பூரில் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். வெளுத்த மண், கடற்கரை மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. எங்கள் பெங்களூர்ச் செம்மண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. "இது யாருக்கென்று உமக்குத் தெரியும்" என்று மட்டும் தோமையாரிடம் சொன்னேன்.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் சிலுவையடியில் டிபன் கேரியர் கரண்டியால் குழி தோண்டினேன். மயிலாப்பூர் மண் முழுவதையும் அதற்குள் கொட்டினேன். தோண்டி எடுத்த செம்மண்ணை டப்பாவில் நிரப்பினேன். பார்த்ததும் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். கத்தட்டும். கத்தினால், தன்னிடம் ஒரு பொடிகூட இல்லை என்பதை ஊர் முன்னால் அவளே சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெபம் சொல்ல வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது டப்பாவை அவள் மடியில் வைத்து நானே திறந்தேன். அந்தப் பெண்களில் யாரும் மயிலாப்பூரைக் கண்டதில்லை.

"ஐயோ, சிவப்பைப் பாருங்க! தோமையாரை ஈட்டியால குத்தின ரத்தம்டி!" என்று ஒருத்தி அழுதாள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து அந்த மண்ணை முத்தமிட்டார்கள். நேற்று தண்ணீர் ஊற்றிக்கொண்டவளின் மண்ணை! பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவேயில்லை. எனக்கு அந்த ஐந்து நிமிஷம் சொர்க்கம்.

எல்லோரும் போனபின் மெதுவாகக் கேட்டாள். "யாரு மண்ணுடி இது?"

"அம்மாவுது."

தட்டிவிடுவாள், துப்புவாள், சபிப்பாள் என்று காத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவளோ டப்பாவை மூடித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். நீயே போடு. வேற யாரும் தொடக் கூடாது" என்றாள்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். நான்தான் டப்பா முழுவதையும் தூவினேன். மண்ணுக்குள் கிடக்கும் அம்மாவைக்கூட அவள் வேலை வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு சிட்டிகை கொடுக்காதவள் ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு போனாள். தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் சொல்லியிருக்கலாம்.