இருபது நிமிடம் முந்திய மணி

எங்கள் வீட்டில் மணி என்றால் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம். என் மனைவி அதைக் கடிகாரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "மணிக்கு பேட்டரி மாத்துங்க", "மணி மேல ஒட்டடை தொங்குது பாருங்க" என்பாள். எனக்கு மணி என்றால் முதலில் நெல்தான் நினைவுக்கு வரும். மார்கழியில் சம்பா மணி பிடிக்கிற நாட்களில் வயலுக்குப் போனால் திரும்ப மனசு வராது. கதிரில் ஒரு நெல்லைக் கிள்ளி, நகத்தால் நசுக்கி, பால் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

கோயிலில் தொங்குவதும் மணி, மாட்டின் கழுத்தில் ஆடுவதும் மணி, ஊரில் வரி வசூலித்தவர் மணியக்காரர். இத்தனை பேர் பங்கு போட்ட பிறகும் அந்தச் சொல் தேயவில்லை. நான் திருவையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவன். என் கையெழுத்து மணி மணியாக இருக்கிறது என்று தலைமையாசிரியர் பாராட்டியதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

"எழுத்து கெடக்கட்டும். ஆளு மணிக்குப் போயி சேர்ந்தாரான்னு கேட்டாரா?" என்றாள்.

கேட்டிருந்தார். நான் பிறவிச் சோம்பேறி. எட்டு நாற்பது பஸ்ஸை நான் விடாமல் இருக்க, கல்யாணமான புதிதிலேயே அவள் மணியை இருபது நிமிடம் கூட்டி வைத்தாள். எனக்கு அது தெரியும். அதனால் பார்க்கும்போதே மனசுக்குள் இருபதைக் கழித்துவிடுவேன். பஸ் போய்விடும். தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணம் என்றால் அவள் அரை மணி முன்னதாகவே பையோடு நிறுத்தத்தில் போய் நிற்பாள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடி வருவேன். முப்பத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், கோலப்பொடி டப்பாவை அலமாரியில் வைக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டு வந்தேன். ஒரு வாய் குடித்தாள். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. "எத்தனை மணிக்குங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். சுவரைப் பார்த்தேன். பத்து பத்து. அதையே சொன்னேன். அன்றைக்குக் கழிக்கத் தோன்றவில்லை.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "தசமி பத்து மணியோட முடிஞ்சுடுத்து. ஏகாதசி பொறந்தாச்சு" என்றார். மார்கழி வளர்பிறை ஏகாதசி, சொர்க்கவாசல் திறக்கிற திதி. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் கொடுத்துவைத்தவள் என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த மகனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆறுதலாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்து அவன் கிளம்பிய அன்று, கார் வர நேரமாகிறதே என்று நான் சுவரைப் பார்த்துப் பதறினேன்.

"அது இருபது நிமிஷம் ஃபாஸ்ட்டுப்பா. அம்மா வச்சதுதானே" என்று சிரித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் போயிருக்கிறாள். தசமியில் போயிருக்கிறாள். அவன் தாயைச் சொர்க்கத்திலிருந்து கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். மணியடித்தால் சோறு என்பது ஜெயிலைச் சொல்லும் கேலி. எனக்கு அதுதான் வாழ்க்கை. பன்னிரண்டரைக்கு அடுத்த தெருவிலிருந்து டிபன் கேரியர் வரும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிடுவேன். தாமதமாக வந்தால் திட்டுவதற்கு ஆளில்லாத வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிடுகிறேன், அதுதான் கொடுமை.

இரண்டு வருடம் திதியை ஏகாதசியில்தான் கொடுத்தோம். காவிரிப் படித்துறையில் ஐயர், போன் திரையில் மகன். வீட்டு மதிலில் சோறு வைத்ததும் காக்கை வந்தது. "அம்மா வந்துட்டாங்கப்பா" என்று அவன் அங்கே கண்ணைத் துடைத்தான். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள் எதற்கும் முந்தி வருகிறவள். நேற்றே வந்திருப்பாள். பையோடு நிறுத்தத்தில் நிற்பதைப் போல இந்த மதிலருகே நின்றிருப்பாள். இலை போடாத வீட்டைப் பார்த்துவிட்டு, இவர் எப்பவும் இப்படித்தான் என்று திரும்பிப் போயிருப்பாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருடம் ஏகாதசிக்கு ஐயரிடம் சொல்லிவைத்தேன். முதல் நாள் தசமியன்று, டிபன் கேரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே அடுப்பைப் பற்ற வைத்தேன். எங்கள் வயல் அரிசி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். சோறு குழைந்துவிட்டது. வாழைக்காயில் உப்பு போட்டேனா என்று இப்போதும் தெரியாது. மதில் மேல் இலையை வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்தேன். பத்து ஆகியிருந்தது. இருபதைக் கழித்தேன். அவள் போன நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

வெளியே வந்து காக்கையைக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பெண் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நான்தான் முதல்ல வந்திருக்கேன், பாரு" என்று வெறும் மதிலைப் பார்த்துச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவள் எனக்காக நின்ற நேரமெல்லாம் இப்படித்தானே இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.