இருபத்து நாலு துணை ஜனாதிபதிகள்

படத்துக்குச் சட்டம் போடுகிறவன் அளவைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நான் பட்ட பாட்டை, கடை வைத்து நொந்த அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

அளவு சரி

காரைக்குடியில் நானும் என் மச்சான் ராமையாவும் சேர்ந்து நடத்திய கடை. 1967-ல் புது ஜனாதிபதி வந்தார். பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் படம் கேட்குமே என்று சென்னைக்குக் கார்டு போட்டேன். இருபத்து நாலு படம் வந்தது. இரண்டே நாளில் அத்தனைக்கும் சட்டம் அடித்து, பின்பக்கம் ஆணி அறைந்து, கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். அடியில் அச்சடித்த பெயரும் பதவியும் சட்டத்துக்குள் மறைந்துவிடும். எங்கள் கடை வழக்கம் அது.

நாச்சியாபுரத்திலிருந்து முதலில் வந்த வாத்தியார் உற்றுப் பார்த்தார். "இவரு துணை ஜனாதிபதில்ல? ரெண்டு பேரும் ஒரே நாள்ல பதவிக்கு வந்தவுக, படக்கட்டு மாறி வந்திருக்கும். நீகதான் பாத்திருக்கணும்."

நோட்டு போனது

மச்சான் கத்தவில்லை. ஆர்டர் எழுதும் நோட்டை என்னிடமிருந்து வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இந்த இருபத்து நாலும் போற வரைக்கும் ஆர்டரை நான் எழுதிக்கிறேன் மாப்ளே. நீக சட்டம் அடிச்சாப் போதும்."

சொல்லிப் பார்த்தேன்

ஓர் ஆபீஸ் கிளார்க்கைப் பிடித்து உட்காரவைத்தேன். ராஜ்யசபையை நடத்துகிறவர் இவர்தான் என்றேன். அங்கே இவருக்கு ஓட்டு உண்டா என்றார். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் உண்டு என்றேன். அவர் எழுந்துவிட்டார். இதற்கு முன் துணையாக இருந்த இரண்டு பேருமே ஜனாதிபதி ஆனவர்கள் என்று விடாமல் சொன்னேன். "அப்ப ஆகும்போது வாறேன். அதுவரைக்கும் தூசி தட்டி வைங்க."

அந்த மே மாதம்

1969-ல் ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே காலமானார். வருத்தம்தான். ஆனால் சுவரைப் பார்த்ததும் நெஞ்சு லேசானதை மறைக்க மாட்டேன், வெட்கமாகவும் இருந்தது. துணையானவர் பொறுப்பு ஜனாதிபதியானார். பதவி எழுதிய வரி மறைந்திருந்ததால் ஒரு சட்டத்தைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னபடி கிளார்க்கும் வந்தார். இருபத்து மூன்று படம் போனது. நோட்டுக்குக் கை நீட்டினேன். மச்சான் சுவரைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு தொங்குதே, மாப்ளே."

மறுபடியும் கிளார்க்

ஜூலையில் நம் படத்துப் பெரியவர் ஜனாதிபதி தேர்தலில் நிற்பதற்காக இரண்டு பொறுப்பையும் விட்டுவிட்டார். நாட்டைத் தலைமை நீதிபதி பார்த்துக்கொண்டார். கிளார்க் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். மற்ற இருபத்து இரண்டும் பின்னாலேயே வருமோ என்று தெருவை எட்டிப் பார்த்தேன். "இவரு இப்ப யாருன்னு சொல்லுங்க, திரும்ப மாட்டுறேன். இல்லைன்னா இங்குட்டே இருக்கட்டும்."

அப்பாடா

ஆகஸ்டில் ஓட்டு எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையில் முடியவில்லை, இரண்டாவது விருப்பத்தையும் எண்ண வேண்டியதாயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவில் அவர் ஜெயித்த சேதி வந்ததும் கடையிலேயே அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். கிளார்க் வந்து தன் படத்தைத் தூக்கிப் போனார். கடைசிப் படத்தை மச்சான் தன் மேஜைக்கு மேலே மாட்டிவிட்டு, நோட்டை எடுத்து நீட்டினார். "பிடிங்க மாப்ளே. இனி மொகத்தையும் பாத்துட்டு அடிங்க."

அன்றிலிருந்து முகத்தைப் பார்த்துத்தான் சட்டம் போடுகிறேன், ஆனால் பதவி எழுதிய வரியை மட்டும் இன்றைக்கும் சட்டத்துக்குள்தான் விடுகிறேன்.