நான் கேட்காமல் விட்ட கேள்வி

குளச்சல் பக்கம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. கேள்விகள் எல்லாம் முந்தைய கணக்கெடுப்பில் இருந்தவை. இரண்டையும் ஒப்பிட வேண்டும், ஒரு வார்த்தைகூட மாறக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

‘கணவர் உங்களை அடித்தது உண்டா?’ என்ற கேள்வி மட்டும் என் வாயில் வரவில்லை. அவ்வளவு கூச்சம். "வீட்டுல சந்தோசந்தானே?" என்று கேட்பேன். "ஆமாக்கா" என்றதும் அடிக்கவில்லை என்று குறித்துக்கொள்வேன்.

ஒருநாள், நான் முடித்த வீடுகளைச் சரிபார்க்க மேற்பார்வை மேடம் வந்தார். மீன் விற்கும் பிரிஜித்தாவின் அடுக்களையில் உட்கார்ந்து, அந்தக் கேள்வியை அச்சில் உள்ளபடியே கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

பிரிஜித்தா வாசலை எட்டிப் பார்த்தாள். கணவன் இல்லை என்று தெரிந்ததும் சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது.

பிறகு என்னைப் பார்த்தாள். "போன தடவ வந்தவங்க கேட்டப்ப பயந்து இல்லேன்னுட்டேன். திரும்ப கேட்டா சொல்லணும்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்லியேக்கா?"



மறுநாள் முதல் எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனேன். அச்சில் உள்ளபடியே கேட்டேன். என் கூச்சம் என்னை மட்டும்தான் ஊமையாக்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.