அத்தர் ஓட்டம்

எங்கள் லாரி டிப்போவில் நீ எப்படி ஓட்டுவாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்றைக்குச் சேர்ந்தாய் என்றுதான் கேட்பார்கள். ஓய்வறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பணிமூப்புப் பட்டியல் தொங்குகிறது. முதலில் சேர்ந்தவர் பெயர் மேலே, கடைசியாகச் சேர்ந்தவர் பெயர் கீழே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு நாள் வரும். அன்றைக்கு ஓட்டங்களைச் சீட்டுச் சீட்டாகப் பலகையில் குத்தி வைப்பார்கள். எந்தக் கிடங்கு, எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் முதல் ஆள் முதலில் போய்ப் பிடித்ததை எடுப்பார், பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். சீட்டு தீர்ந்த பிறகும் ஆள் மிச்சமிருந்தால் அவர்களுக்குப் பெயர் 'கூப்பிடு ஆள்'. போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் டிப்போவில் வந்து நிற்க வேண்டும். குளிக்கப் போனால் போன் அடிக்கும். சோற்றில் கை வைத்தால் அடிக்கும். நாளைக்கு எங்கே இருப்பாய் என்று பெற்ற தாய் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலைச் சங்கம்தான் போராடி வாங்கியது. அதற்கு முன்னால் மேலாளருக்குச் சலாம் போடுகிறவனுக்கு நல்ல ஓட்டம், போடாதவனுக்கு ஓட்டை வண்டி என்றிருந்ததாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கீழே இருக்கிறவனுக்கு அந்த நியாயம் வந்து சேர வருடக்கணக்காகும்.

நான் சேர்ந்த அன்று புதிதாக இரண்டு பேர் வந்திருந்தோம். ஒருத்தன் நான், கனரக வண்டி உரிமம் வாங்கி நாலே வருடம் ஆனவன். இன்னொருவர் அக்கா. பத்தொன்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஆள் குள்ளம், இருக்கையில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். ஆனால் முட்டுச் சந்துக்குள் பின்பக்கமாகவே லாரியை விட்டு நிறுத்துவார், சுவரில் சுண்ணாம்புகூட உதிராது. கணவர் எங்கே போனார் என்ற கதையை மட்டும் சொல்ல மாட்டார். கேட்டவன் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

வரிசையில் அக்காதான் முன்னால் நின்றார். குமாஸ்தா பதிவேட்டைத் தள்ளினார். அக்கா கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேடினார். குறடு வந்தது, திருப்புளி வந்தது, துண்டு வந்தது, தலைவலி மாத்திரை வந்தது, கண்ணாடி மட்டும் வரவில்லை. குமாஸ்தா உச்சுக் கொட்டினார். அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு தம்பி. நான் படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல."

நான் படிக்கவெல்லாம் இல்லை, போட்டேன். இரண்டு நிமிடம் கழித்து அக்கா கண்ணாடியைக் கண்டுபிடித்து, வரி விடாமல் படித்து, போட்டார். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு யார் முதலில் கையெழுத்துப் போட்டாரோ அவரே மூத்தவர் என்று ஒரு விதி இருப்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் நாற்பது, அக்கா நாற்பத்தொன்று. அன்றிலிருந்து டிப்போவில் அவருக்குப் பெயரே 'நாப்பத்தொண்ணு' ஆகிவிட்டது. அவர் எனக்கு வைத்த பெயர் 'மேலிடம்'. "மேலிடத்துல உத்தரவு வாங்கிட்டுத்தான் நான் டீ குடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை.

நாற்பத்தொரு பேருக்கு ஓட்டம் முப்பத்தாறுதான். இரண்டு வருடம் நாங்கள் இருவரும் கூப்பிடு ஆட்களாகவே கிடந்தோம். யார் வீட்டு விசேஷம், யாருக்குக் காய்ச்சல், எந்த வண்டி மலையேற மறுக்கிறது, எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். கடைசி மூன்று மாதமாக அக்காவைக் கூப்பிடுவதெல்லாம் ஒரே ஓட்டத்துக்குத்தான், அவர் வராத நாளில் அதற்கு நான். மீன் சந்தையிலிருந்து கழிவை ஏற்றிக்கொண்டு கோழித்தீவன ஆலைக்குப் போக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பகல் ஒரு மணிக்குத் திரும்பலாம். டிப்போவில் அதற்கு 'அத்தர் ஓட்டம்' என்று பெயர். அதை ஓட்டிவிட்டு வந்தால் கேண்டீன்காரர் டீயை ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார். அது தற்காலிகம், பலகைக்கு வராது என்று மேலாளர் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தங்கை இறந்துபோனார். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அரசுக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். என் தங்கச்சி பெண்ணை நான் வளர்க்கிறேன் என்று அக்கா போய் நின்றார். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். வீடு பார்த்தார், திருப்தி. காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பப் பக்கத்து வீட்டம்மா ஒப்புக்கொண்டார், திருப்தி. வேலை நேரம் என்ன என்று கேட்டார். போன் வந்தால் போக வேண்டும் என்று அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார். நிலையான வேலை நேரம் என்று கம்பெனிக் கடிதம் மாதக் கடைசிக்குள் வர வேண்டும், வராவிட்டால் காத்திருக்கும் வேறு குடும்பத்துக்குக் குழந்தையைக் கொடுத்துவிடுவோம் என்றார் அதிகாரி.

தேர்வு நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. மேலே நாலு பேர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள், புதிதாக ஆள் எடுக்கவில்லை. பட்டியல் முப்பத்தேழாகச் சுருங்கியது. நான் முப்பத்தாறு, அக்கா முப்பத்தேழு. சீட்டு முப்பத்தாறு. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட அதே நொடியில் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்தக் கண்ணாடி பைக்குள் மேலாக இருந்திருந்தால் கடைசிச் சீட்டு அக்காவுடையது.

ஒரு நாள் வண்டி கழுவும் இடத்தில் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா வந்து சாவகாசமாகச் சொன்னார். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்தாராம். குழந்தை விஷயம் கேள்விப்பட்டேன், மனசு கேட்கவில்லை, மருந்துக் கிடங்கு ஓட்டத்தைப் பட்டியல் பார்க்காமல் உங்களுக்கே தருகிறேன், இதில் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றாராம். அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்திருக்கிறார். கடைசி வரியில், தேவைப்பட்டால் பணிமூப்பைப் பார்க்காமல் ஓட்டம் ஒதுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என ஒப்புக்கொள்கிறேன் என்றிருந்ததாம். சங்கத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்க மூன்று மாதம்தான் இருந்தது. பட்டியலையே ஒழித்துக்கட்ட மேலாளருக்கு இப்படி ஒரு காகிதம் கையில் இருந்தால் போதும்.

முப்பத்தாறில் ஒன்று அக்காவுக்குப் போனால் சீட்டில்லாமல் நிற்பது நான்தான். கூப்பிடு ஆளைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாக அழுதவள் என் மனைவி. இனி ஒழுங்காக வீட்டுக்கு வருவேன் என்று முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். எடுத்துக்கோங்கக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத மேலிடம். காகிதத்தைத் திருப்பித் தள்ளிட்டு வந்துட்டேன்."

"அப்ப பாப்பா என்னாகும்க்கா?"

"இன்னைக்கு எனக்காக உன்னைத் தாண்டுவாரு. நாளைக்கு இன்னொருத்தனுக்காக என்னைத் தாண்டுவாரு. அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நியாயம் கேக்கறது? பாப்பாவை நான் கூட்டிட்டு வருவேன். இவர் போடற பிச்சையில இல்ல."

சங்க ஒப்பந்தம் நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். எங்கள் டிப்போவில் அது டீ டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் பயன்பட்டது. அக்கா இரண்டு நாள் அதைக் கையை விட்டு இறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னை இழுத்து வைத்து ஒரு பிரிவைப் படித்துக் காட்டினார். அறுபது வேலை நாள் விடாமல் ஓடும் ஓட்டம் எதுவானாலும், அடுத்த தேர்வு நாளில் அது பலகைக்கு வந்தே தீர வேண்டும். அத்தர் ஓட்டம் பலகைக்கு வந்தால் முப்பத்தேழு பேருக்கு முப்பத்தேழு சீட்டு. யாரையும் தாண்ட வேண்டாம், யாரும் விழ வேண்டாம்.

சங்கச் செயலாளரிடம் போனோம். எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்பார், அதனால் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'. அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஆதாரம் வேணுமேம்மா என்றார். அக்கா பையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஓட்டுநருக்கு ஒரு மஞ்சள் நகல் தருவார்கள். அதையெல்லாம் எவனும் வைத்துக்கொள்ள மாட்டான். அக்கா ஐம்பத்தொரு நகல் வைத்திருந்தார், தேதி வாரியாக, ரப்பர் பேண்டு போட்டு. ஆரம்பத்திலும் நடுநடுவேயும் பன்னிரண்டு நாள் விடுபட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஓட்டியது நான்.

"உன் மஞ்சள் காகிதம் எங்க?" என்றார்.

என்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் துடைக்க அதைவிட வசதியான காகிதம் கிடையாது. அதைச் சொன்னேன். அன்றைக்கு அக்கா என்னைத் திட்டியதை அச்சில் போட முடியாது. பிறகு இருவரும் அத்தர் ஓட்டத்துப் பழைய லாரியின் இருக்கையைக் கழற்றினோம். கசக்கிக் கசக்கி அடியில் எறிந்தவை அப்படியே கிடந்தன, மீன் எண்ணெயும் என்ஜின் ஆயிலும் ஊறி. ஒவ்வொன்றையும் பிரித்து வெயிலில் காயவைத்து அக்கா தேதி பார்த்தார். பத்து கிடைத்தது. நல்லவேளை, கிடைக்காத இரண்டும் முதல் இரண்டு நாளுடையவை. அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணினாலும் விடாமல் அறுபத்தொன்று.

தேர்வு நாள் காலை ஓய்வறையில் நிற்க இடமில்லை. செயலாளர் நகல்களை மேலாளரின் மேஜையில் வைத்தார். மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது தற்காலிக ஓட்டம் என்று பழைய பாட்டையே பாடினார். ஆகட்டும், நாளைக்கு என்று செயலாளர் ஆரம்பித்தார். அக்கா குறுக்கே வந்தார்.

"அறுபத்தொரு நாளா தற்காலிகம் சார்? நாளைக்கெல்லாம் இல்ல. இன்னைக்கு, இப்ப."

மேலாளர் காதில் விழாதது போல முதல் பெயரைக் கூப்பிட்டார். பட்டியலின் முதல் ஆளுக்கு முப்பத்தொரு வருட சர்வீஸ். சரியான கல்லுளிமங்கன், எங்களிடம் அதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். எழுந்தார், பலகை வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "அந்தச் சீட்டும் ஏறட்டும். அப்புறம் எடுக்கறேன்" என்றார்.

முதல் ஆள் எடுக்காமல் இரண்டாம் ஆள் எடுக்க முடியாது. பட்டியல் என்றால் அதுதான். நாலு பேர் ஓய்வறை நாற்காலியில் கால் நீட்டிப் படுத்தார்கள். வெளியே வண்டிகள் சும்மா நின்றன. கிடங்குகளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று போன் வந்தது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை பேசினார். நாற்பது நிமிடம் கழித்து ஒரு சீட்டைக் கையாலேயே கிறுக்கிக் கொண்டுவந்து பலகையில் குத்தினார்.

சீட்டுகள் மளமளவென்று இறங்கின. அத்தரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது இரண்டு இருந்தன. ஒன்று காலி பாட்டில் ஓட்டம், இன்னொன்று அத்தர். இத்தனை செய்தவருக்கு நானும் ஒன்று செய்ய வேண்டாமா என்று கை அத்தரின் பக்கம் போனது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேலிடம். உன்னுதை எடுத்துட்டு நகரு. என் சீட்டுல கை வைக்காத."

பாட்டிலை எடுத்தேன்.

முப்பத்தேழு என்று மேலாளர் கூப்பிட்டார். இருப்பது ஒன்றுதான், எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றார். அக்கா பலகை முன்னால் நின்று கைப்பையைத் திறந்தார். குறடு வந்தது, திருப்புளி வந்தது, துண்டு வந்தது. முப்பத்தாறு பேரும் காத்திருந்தோம். ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு அந்த ஒரே சீட்டை மேலிருந்து கீழே படித்தார்.

"திரும்பற நேரம் போடலையே சார்."

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. புறப்பாடு காலை ஐந்து என்றிருந்தது. அதற்கு அடுத்த கட்டம் காலி. அது இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் போய் நிலையான நேரம் என்று சொல்வது? மறந்துபோச்சு என்றார் மேலாளர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன், அக்கா முந்திக்கொண்டு தன் பேனாவை நீட்டினார். மேலாளர் அதை வாங்கிப் பகல் ஒரு மணி என்று எழுதினார். கையெழுத்தும் போடுங்கள் என்றார் அக்கா. போட்டார். அதன் பிறகுதான் அக்கா பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டார்.

புது ஓட்டம் தொடங்கிய முதல் நாள் ஒன்றரை மணிக்கு நான்தான் அவரை என் ஸ்கூட்டரில் காப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்தச் சீட்டைக் காட்டி அக்கா வாங்கி வைத்திருந்த கம்பெனிக் கடிதத்தை அதிகாரி படித்தார், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டார், முத்திரை குத்தினார்.

குழந்தை உள்ளேயிருந்து ஓடி வந்தது. நாலடி தூரத்தில் சட்டென்று நின்று மூக்கைப் பொத்திக்கொண்டது.

"பெரியம்மா, நாறுற."

"ஆமாடி, நாறுவேன். நீ ஸ்கூல் விட்டு வரும்போது தினமும் நாறிக்கிட்டே வாசல்ல வந்து நிப்பேன். பரவாயில்லையா?"

குழந்தை மூக்கிலிருந்து கையை எடுத்தது. "தினமுமா?"

அக்கா சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அதன் கையில் கொடுத்தார். "நான் சொன்னா நம்பாத. போட்டிருக்கு பாரு, படி."

குழந்தை சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தது. பகல் ஒரு மணி.